பொருள்: கொண்டல்

காலை ஐந்தரைக்கு தேவசகாயம் எழுந்தான். கிணற்றில் நாலு வாளி இறைத்தான். இரண்டு குளிக்க, ஒன்று துணிக்கு, ஒன்று சமைக்க. அடுப்பு மூட்டிக் காப்பி போட்டான். அலமாரியில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றில் குடித்தான். இரண்டையும் கழுவிக் கவிழ்த்தான், தூசு பிடிக்கும் என்பதால். மனைவி ஜெசிந்தா இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பழைய சோற்றை உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்தான். ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொரு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான். எட்டே காலுக்குக் கதவைப் பூட்டி, கொளவாய் ஏரிக்கரை வழியாக நடந்து, எட்டே முக்காலுக்குப் புது வேலையில் உட்கார்ந்தான். ஒன்பது மணிக்கு நாட்டின் எதிரிகளைப் பற்றிய தபால் வந்தது.

அலுவலகத்தின் பெயர் கடலோரத் தனிக்குறிப்புப் பிரிவு. 1950ஆம் வருஷம். ஒரு கட்சியைத் தடை செய்திருந்தார்கள். அதன் ஆட்கள் தலைமறைவாகிவிட்டார்கள். செங்கல்பட்டு ஜில்லாவின் கடற்கரையில் அவர்களுக்கு ஒரு பயங்கரமான தலைவன் இருக்கவேண்டும் என்று சென்னையில் யாரோ முடிவு செய்தார்கள். இருக்கவேண்டும் என்று ஆனபிறகு அவனைத் தேட ஓர் அலுவலகம் இல்லாமல் இருப்பது நன்றாயில்லை. எனவே ஒரு டி.எஸ்.பி., ஆறு ஆய்வாளர்கள், ஒரு ஹெட்கான்ஸ்டபிள், ஒரு மொழிபெயர்ப்பாளன். தபாலாபீஸில் பிரித்துப் படித்த கடிதங்களின் புகைப்பட நகல் இங்கே வரும். ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்வார்கள். அவர்கள் வெளியே போகமாட்டார்கள். வெளியே போனால் விவரங்கள் குழம்பிவிடும் என்பது பிரிவின் கொள்கை.

டி.எஸ்.பி. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் நடத்திய பள்ளியில் படித்தவர். தமிழில் சமையல்காரனிடம் சொல்ல நாலைந்து சொல் தெரியும். படிக்கத் தெரியாது. ஹெட்கான்ஸ்டபிளின் பெயர் கண்ணாயிரம். வேவு பார்க்கும் வேலைக்குப் பெயரைப் பார்த்தே அவரை எடுத்ததாகச் சொன்னார்கள். தேவசகாயத்தை அவன் பி.ஏ. பட்டத்தைப் பார்த்து எடுத்தார்கள். படூரில் பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பம் அவனுடையது. அந்தக் குடும்பத்தில் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.

முதல் நாள் மதியத்துக்குள் பதினான்கு கார்டுகளை ஆங்கிலத்தில் எழுதவேண்டியிருந்தது. ஆறாவது கார்டு மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டில் கருவாட்டு மண்டி வைத்திருக்கும் நூர்முகமது என்பவருக்கு வந்திருந்தது. கோணல் எழுத்து. புள்ளி, காற்புள்ளி எதுவும் கிடையாது.

‘கொண்டல் வந்துட்டுது வண்டி அனுப்ப வேண்டாம் வேண்டா.’

கொண்டல் என்றால் காற்று என்று நினைத்தான். மேகம் என்றும் எங்கோ படித்திருந்தான். இரண்டில் எது என்று பார்க்க அகராதி இல்லை. அகராதி கேட்டு எழுதிய விண்ணப்பம் சென்னையில் இருந்தது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதினான். வாக்கியத்தின் முதல் சொல் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கினான். ஆங்கில இலக்கணப்படி அது சரி. பார்க்கவேண்டும் என்று நினைவூட்டிக்கொள்ள அதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டான். மற்றது எளிதாக இருந்தது. ஆங்கிலத்தில் படித்தால் இப்படி வந்தது: ‘கொண்டல் வந்துவிட்டார். வண்டியை அனுப்பவேண்டாம். வேண்டாம்.’

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாது. அதனால் தமிழில் எழுதியவரைக்கும் கொண்டல் பிறக்கவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு டி.எஸ்.பி.யின் மேஜையில் பிறந்தான்.

“கோடு போட்டிருக்கிறீர்கள், மிஸ்டர் தேவசகாயம்” என்றார் டி.எஸ்.பி. “முதல் நாளே. நல்ல மூக்கு.”

“அது ஐயா, எனக்கு ஒரு சந்தேகம்…”

“எனக்கும் அதே சந்தேகம்தான்.”

அன்று மாலை ஒரு புதுக் கோப்பு திறக்கப்பட்டது.

புரட்டாசி முடியும் நேரம். மழைக்காலம் தொடங்கினால் கடலோரத்தில் எழுதுகிறவர்கள் காற்றைப் பற்றித்தான் எழுதுவார்கள். மூன்று வாரத்தில் கொண்டல் முப்பத்தெட்டுக் கடிதங்களில் வந்தான். ஆய்வாளர்கள் வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்தினார்கள். ஒரே நாளில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் அவன் காணப்பட்டதால், அவனைப்போலவே இரண்டு பேரை வைத்திருக்கிறான் என்று எழுதினார்கள். ஒரு தென்னையைச் சாய்த்தான் என்று ஒரு கடிதம் சொன்னது. உயரம் ஆறடிக்கு மேல் என்று குறித்தார்கள். ஏழைகளின் கூரையைப் பிய்த்து எறிந்தான் என்று இன்னொரு கடிதம். கட்சிக்குள் பிளவு என்று குறித்தார்கள்.

‘வேண்டாம். வேண்டாம்’ என்று இரண்டு முறை முடியும் கார்டுகள் மட்டும் ஒன்பது இருந்தன. கட்டளையின் கடுமையைப் பார்த்தால் எழுதியது கொண்டலுக்கு மிக நெருங்கிய கை என்று தெரிந்தது. எழுதியவரின் பெயர்தான் எதிலும் இல்லை.

தேவசகாயம் கண்ணாயிரத்திடம் கேட்டான். “கொண்டல்னா காத்துதானே?”

“காத்துதான் பி.ஏ. சார். கிழக்கத்திக் காத்து. எங்க ஊர்லகூட அடிக்கும்.”

“அப்ப ஏன் யாரும் சொல்லல?”

“இன்னாத்தச் சொல்றது? ஃபைல்ல பேரு ஏறிட்ச்சே.”

விசாரித்ததில், பிரிவில் ஆய்வாளர்களுக்குக் கீழே இருந்த எல்லோருக்கும் அது காற்று என்று தெரிந்திருந்தது. கூட்டுகிறவளுக்குத் தெரிந்திருந்தது.

ஐப்பசி இரண்டாம் வாரம் நூர்முகமதைப் பிடித்துவந்தார்கள். ஐம்பது வயதுக்காரர். கருவாட்டு வாசனையோடு வந்தார். பின்கட்டு அறையில் நாற்காலியில் கட்டினார்கள். டி.எஸ்.பி. ஆங்கிலத்தில் கேட்டார், தேவசகாயம் அதைத் தமிழில் சொன்னான். நூர்முகமது தமிழில் பதில் சொன்னார், தேவசகாயம் அதை ஆங்கிலத்தில் சொன்னான். இடையிடையே கண்ணாயிரம் லத்தியால் உள்ளங்காலில் அடித்தார். அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“கொண்டல் யார்?”

“யாரா? காத்து தம்பி அது.”

“காற்று என்கிறார், ஐயா.”

“காற்றைப்போல வேகமானவன் என்கிறானா?”

“இல்லை ஐயா. காற்றே.”

“உவமைகளைக் குறிப்பில் சேர்க்காதீர்கள். எங்கிருந்து வருகிறான்?”

“கடல்லேர்ந்து.”

“எப்போது?”

“ஐப்பசி, கார்த்திகை. இப்பதான்.”

“தனியாகவா?”

“மழையும் கூடவே வரும்.”

“அவன் வந்தால் என்ன ஆகும்?”

“ஒரு மரமும் எறங்காது. குப்பமே கையக் கட்டிகினு குந்தியிருக்கும்.” மரம் என்றது கட்டுமரத்தை.

டி.எஸ்.பி. ஆய்வாளர்களைப் பார்த்து, “வேலைநிறுத்தம்” என்றார். ஆறு பேரும் எழுதிக்கொண்டார்கள்.

“இந்தக் கார்டுகளை எழுதுவது யார்? பெயர்.”

“வேண்டா” என்றார் நூர்முகமது.

கண்ணாயிரம் அடித்தார்.

“வேண்டா. ஐயோ, வேண்டா.”

“என்ன சொல்கிறான்?”

“வேண்டாம் என்கிறார், ஐயா.”

“எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பெயரைச் சொல்லும்வரை நடக்கட்டும்.”

நூர்முகமது அந்த ஒரு சொல்லையே பதினேழு முறை சொன்னார். பதினோராவது முறையில் வலது பாதத்தில் ஓர் எலும்பு முறிந்தது. எல்லோருக்கும் சத்தம் கேட்டது. பதினேழுக்குப் பிறகு அவர் மயங்கிவிட்டதால் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

மாலையில் லாக்கப்புக்கு வாக்குமூலத்தில் ரேகை வாங்க தேவசகாயத்தை அனுப்பினார்கள். நூர்முகமது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது.

“படிச்ச தம்பிதானே நீ. ஒண்ணு கேக்கறேன். கேட்டவொடனே பேரச் சொன்னேன். அப்பறம் இன்னாத்துக்கு அடிச்சாங்க?”

“வேண்டாம்னுதானே சொன்னீங்க, பாய்?”

“வேண்டாம்னா நிறுத்துவாங்களா? அத சொல்ல நான் பைத்தியமா? வேண்டா. குப்பத்துல ஒரு பொம்பள. அவ பேரே அதான். கடலு எப்டி கீதுன்னு வாரத்துக்கு மூணு கார்டு போடுவா. கொண்டல் அடிச்சா மீன் கெடையாது, வண்டி சும்மா போயி திரும்பக்கூடாதுல்ல.”

தேவசகாயம் மேஜைக்குத் திரும்பி அந்த ஆறாவது கார்டின் நகலை எடுத்தான். கடைசிச் சொல் கையெழுத்து. காற்றைப் பெயராக்கியிருந்தான். பெயரை மொழிபெயர்த்திருந்தான்.

இரண்டு தப்பில் ஒன்றைத்தான் திருத்த முடியும் என்பது அவனுக்குச் சீக்கிரமே புரிந்தது. இரண்டாவதைத் திருத்தினால் அந்தப் பொம்பளையைத் தூக்கிவந்து அதே நாற்காலியில் கட்டுவார்கள். கொண்டல் காற்று என்பதை மட்டும் ஏற்கவைத்துவிட்டால் பாயும் வெளியே வருவார், அவளும் பிழைப்பாள். மறுநாள் மிஷன் பள்ளியிலிருந்து ஓர் அகராதியை இரவல் வாங்கி, பக்கத்தைத் திறந்துகொண்டு டி.எஸ்.பி. முன்னால் நின்றான்.

டி.எஸ்.பி. பொறுமையாகக் கேட்டார். அவர் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்தி யாரும் பார்த்ததில்லை.

“ஆறு படித்தவர்கள் ஒரு மாதமாக இரவு பகலாக ஒருவனைத் தேடுகிறார்கள். அது காற்று என்றால் நாங்கள் முட்டாள்கள் என்று ஆகிறது. நாங்கள் முட்டாள்கள் அல்ல. ஆகவே அது காற்று அல்ல. கல்லூரியில் தர்க்கம் படித்திருப்பீர்களே?”

“சரித்திரம் ஐயா.”

“அதனால்தான். இருந்தாலும் பிழைதிருத்தத்துக்கு வழி இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கப் படிவம் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் நேரில் சரணடைந்து கையெழுத்திட வேண்டும். அல்லது இறப்புச் சான்றிதழ். இரண்டில் எதை நீங்கள் கொண்டுவந்தாலும் இன்றே நீக்குகிறேன்.”

அகராதியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். ‘கொண்டல்: மேகம், கீழ்காற்று’ என்று இருந்தது. முதலில் வருவது முக்கியமானது. மேகம் என்பது அவனுடைய மாற்றுப்பெயர் என்று கண்டறிந்தார்கள். அந்த வாரம் ஜில்லா முழுவதும் மேகம் சம்பந்தப்பட்ட பெயர் உள்ளவர்களைப் பிடித்தார்கள். வேடந்தாங்கலில் ஒரு வாத்தியார் மேகநாதன்; விலா எலும்பு இரண்டு. மதுராந்தகத்தில் ஒரு தபால்காரர் முகில்வண்ணன், இடது காது. ஊரப்பாக்கத்தில் ஒரு கார்மேகம் அகப்பட்டான். அவனுக்கு வயது நாலு என்பதால் அவன் அப்பாவை அடித்தார்கள்.

தேவசகாயம் அகராதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கார்த்திகை பிறந்ததும் படக்குழு வந்தது. தனிப்பிரிவின் சாதனையை நாட்டுக்குக் காட்ட சர்க்கார் செலவில் ஒரு செய்திப்படம். சினிமாக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டுவார்கள். டைரக்டர் வெயில் தொப்பி போட்டவர். அரை நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

“இவங்க உக்காந்துகிட்டே இருக்காங்களே” என்றார். தேவசகாயம் மொழிபெயர்த்தான்.

“ஆய்வு செய்கிறார்கள்” என்றார் டி.எஸ்.பி.

“அது தெரியுது. ஓடச் சொல்லுங்க.”

ஆறு ஆய்வாளர்களும் கையில் கார்டுகளோடு வராந்தாவில் ஓடினார்கள். நாலாவது முறை ஓடும்போது ஒருவருக்கு மூச்சு வாங்கியது. அதை வைத்துக்கொண்டார்கள். பிறகு விசாரணைக் காட்சி. நூர்முகமதைக் கொண்டுவந்து, கட்டுப் போட்ட கால் தெரியாதபடி மேஜைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். கண்ணாயிரம் கன்னத்தில் அறையவேண்டும். கண்ணாயிரம் காமிராவுக்காக மெதுவாக அறைந்தார்.

“சத்தத்தை அப்புறம் சேர்த்துக்கலாம், ஹெட்டு” என்றார் டைரக்டர். “முகம்தான் வரல. வலிய இங்கதான் எடுத்தாகணும்.”

ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்தாவதில் தாடை போயிற்று. டைரக்டருக்குத் திருப்தி. அதன்பிறகு நூர்முகமதால் ஒரு பெயரும் சொல்ல முடியாது. தேவசகாயத்துக்கு அது ஒரு நிம்மதியாகத் தோன்றியது.

ஆனால் கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்ததும் மாமல்லபுரம் பஸ் ஏறி, இறங்கி, வடக்கே மணலில் நடந்தான். மூன்றாவது குடிசை வாசலில் ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பாய் அனுப்ச்சாரா? வண்டி எங்க?”

“நீங்கதான் வேண்டாவா?”

“மூணாவதும் பொட்டயாப் போச்சேன்னு வெச்ச பேரு. அப்பால இன்னும் ரெண்டு பொட்ட பொறந்துது. பாய் எங்க?”

“உள்ள இருக்காரு. லாக்கப்ல.”

“கருவாட்டுல மண்ணு கீதுன்னு எவனாவது கேசு போட்டானா?”

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கையில் மீனோடு கேட்டாள். கேட்டு முடித்துச் சிரித்தாள். அடுத்த குடிசைப் பக்கம் திரும்பினாள். “ஏ சம்பூர்ணம், இங்க வாயேன். கொண்டல போலீசு தேடுதாம்.”

உள்ளேயிருந்து சம்பூர்ணத்தின் குரல் வந்தது. “புடிச்சா சொல்லச் சொல்லு. எங் கூரைய எத்துகினு போனது அதான்.”

“பாய எப்ப வுடுவாங்க?” என்றாள் வேண்டா.

“கொண்டல் கிடைச்சதும்.”

சிரிப்பு நின்றது. “அவர இன்னா பண்ணாங்க?”

பாதம், தாடை என்றான். அவள் மீனைக் கீழே வைத்துக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் வந்து சொல்றேன். எங் கார்டுதான், அது காத்துதான்னு.”

“வேண்டாம். நான் சொல்லிப் பார்த்துட்டேன்.”

“நீ சொல்ற மாரி சொல்லியிருப்ப. காத்துன்னு சொல்ல இன்னா படிப்பு வேணும்?”

“இனிமே கார்டு போடாதீங்க. யாராவது வந்தா பேரச் சொல்லாதீங்க. அது போதும்.”

“எம் பேர எவன் கேட்டான் இதுவரைக்கும்?” என்று மறுபடி உட்கார்ந்து மீனைப் புரட்டினாள். “நாஸ்தா துன்னியா? மூஞ்சியப் பாத்தா துன்ன மாரி தெரியல.”

கஞ்சி கொடுத்தாள். குடித்தான்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் கண்ணாயிரம் வேட்டி சட்டையோடு உட்கார்ந்தார்.

“தப்பா நெனக்காத பி.ஏ. சார். ஆபீசு ஆளுங்க மேலயும் ஒரு கண்ணு வெக்கணும்னு ஆர்டரு. அந்தப் பொம்பள பேரு இன்னா?”

“தெரியாது.”

“வேண்டான்னு கூப்ட்டாங்களே.”

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது.

“எழுதாதீங்க ஹெட்டு.”

“நான் எழுதலன்னா எம் பின்னால வர்றவன் எழுதுவான், சார். அதோ, மூணாவது ஸீட்டுல தூங்குற மாரி கீறான் பாரு.”

திங்கட்கிழமை டி.எஸ்.பி. தேவசகாயத்தின் கையைக் குலுக்கினார். தன் சொந்தத் துப்பால், விடுமுறை நாளில், கொண்டலின் கடிதக்காரியைக் கண்டுபிடித்த மொழிபெயர்ப்பாளன் என்று குறிப்பில் எழுதியிருந்தது. அவள் பெயர் என்ற கட்டத்தில் வேண்டாம் என்று இருந்ததால், பெயர் சொல்ல மறுத்தவள் என்று திருத்தியிருந்தார்கள். அவன் இல்லை என்றான். அடக்கம் என்று அதையும் எழுதிக்கொண்டார்கள்.

டைரக்டருக்கு வெளிப்புறக் காட்சி வேண்டியிருந்தது. புதன்கிழமை காலை நாற்பது போலீஸ்காரர்கள், இரண்டு லாரி, ஒரு ஜீப், ஒரு காமிரா. அன்று காற்று ஓய்ந்திருந்ததால் கட்டுமரங்களில் பாதி கடலில் இருந்தன. கரையில் இருந்த ஆண்களை மணலில் குப்புறப் படுக்கவைத்தார்கள். நிமிர்ந்தவன் முதுகில் பூட்ஸ் கால் இறங்கியது. ஒருவன் பல்லை மணலில் துப்பினான். குடிசைகளில் லத்தியை விட்டுக் குத்தியதில் சம்பூர்ணத்தின் கூரை மறுபடி போயிற்று.

காமிரா முன்னால் நின்று டி.எஸ்.பி. பேசினார். தேவசகாயம் பக்கத்தில் நின்று தமிழாக்கினான்.

“கண்ணுக்குத் தெரியாத எதிரியே ஆபத்தானவன். இரண்டு மாதமாகத் தேடுகிறோம். ஒருவரும் அவனைப் பார்த்ததில்லை. அவன் எத்தனை தந்திரசாலி என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அவன் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இல்லாத ஒருவனுக்கு அறுநூறு பக்கக் கோப்பு எப்படி இருக்கும்? இங்கே கொண்டலைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?”

பெண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். படுத்திருந்த ஆண்களும் தூக்கினார்கள்.

“அவனால் பாதிக்கப்பட்டவர்கள்?”

யாரும் கையை இறக்கவில்லை.

வேண்டா முன்னால் வந்தாள். தேவசகாயம் தலையை ஆட்டினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. டி.எஸ்.பி.யின் முகத்துக்கு நேரே நின்றாள்.

“பாய வுட்டுடு சாமி. எங் கார்டுதான் அது. கொண்டலு காத்து. போன வருசம் எம் புருசன் மரத்தக் கவுத்து அவரக் கொன்னுதே, அந்தக் காத்து.”

டி.எஸ்.பி. தேவசகாயத்தைப் பார்த்தார். தேவசகாயம் ஒவ்வொரு சொல்லாக, ஒன்றைக்கூட விடாமல், ஆங்கிலத்தில் சொன்னான். காற்று என்பதை இரண்டு முறை சொன்னான்.

“கொலை” என்றார் டி.எஸ்.பி. மெதுவாக. “பாவம், புத்தி பேதலித்திருக்கிறது. புருஷனைக் கொன்றவனைக் காற்று என்கிறாள். இவளை முதல் சாட்சியாக எழுதுங்கள்.”

“வெளிச்சம் போகுது சார்” என்றார் டைரக்டர்.

வெளிச்சம் போய்க்கொண்டுதான் இருந்தது. கிழக்கே கடலும் வானமும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டன. முதல் வீச்சில் டைரக்டரின் தொப்பி பறந்தது. கரையில் இருந்த பெண்கள் கடலைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்கள். வெளியே போன மரங்கள் கரைக்கு ஓடிவந்துகொண்டிருந்தன. படுத்திருந்தவர்களில் சிலர் எழுந்து தண்ணீருக்கு ஓடினார்கள். லத்தி விழுந்தும் ஓடினார்கள்.

“என்ன கத்துகிறார்கள், மிஸ்டர் தேவசகாயம்?”

அவன் கடலைப் பார்த்தபடியே நின்றான். ஆனால் இரண்டு மாதத்தில் டி.எஸ்.பி. ஒரே ஒரு தமிழ்ச்சொல்லைப் புதிதாகக் கற்றிருந்தார். குப்பம் முழுவதும் அதைத்தான் கத்தியது.

“கொண்டல்” என்றார் டி.எஸ்.பி. அவர் கண் கலங்கியிருந்தது. காத்திருந்து கண்டவர் அவர். “கிழக்கே சுடுங்கள்.”

போலீஸ்காரர்களில் பாதிப்பேர் கடலோரத்துக்காரர்கள். எதைச் சுடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். காற்றில்தானே படப்போகிறது என்று சுட்டார்கள். மழைக்குள்ளே இருந்த மரங்கள் அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு மரத்தில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் நின்றவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு தண்ணீரில் சரிந்தான். வேண்டா இடுப்பளவு நீரில் இறங்கி அந்த மரத்தின் கயிற்றைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். அலை அவளையும் சேர்த்து இழுத்தது. அவள் கரைப்பக்கம் திரும்பினாள். ஜீப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே தேவசகாயம் நின்றான். அவனைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். அவன் கால் நகரவில்லை. மறுபடி கடலைப் பார்த்துத் திரும்பியபோது முதுகில் குண்டு பட்டது. தோளுக்குக் கீழே சேலை சிவந்தது. அலை ஒன்று அவள் மேல் ஏறி இறங்கியது. அது போனபின் அவள் நிற்கவில்லை.

இருபத்துமூன்று குண்டுகள். நடுவில் நின்றவனின் உடலைக் கரையில் எடுத்துப் போட்டார்கள். உயரம் ஆறடி இருந்தது. அவன் தாய் பக்கத்தில் உட்கார்ந்து அவனை வேறு பெயர் சொல்லி அழுதாள். மாற்றுப்பெயர் என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த நாள் கொண்டல் என்ற பெயருக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கி, படிவத்தை நிரப்பி, பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சொன்ன சொல்லை டி.எஸ்.பி. காப்பாற்றினார். நூர்முகமதை வெளியே விட்டார்கள். அவர் வீட்டார் கட்டிலோடு வந்து தூக்கிப்போனார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி காற்று அடித்தது. அலுவலகத்தின் ஜன்னல் கதவுகள் படபடத்தன.

“கொண்டல், ஐயா” என்றார் கண்ணாயிரம். பழக்கத்தில் வந்துவிட்டது.

டி.எஸ்.பி. ஜன்னல் பக்கம் திரும்பினார். “மகன்” என்றார். புதுக் கோப்பு திறந்தார்கள்.

தை மாதத்தில் படம் தயாராயிற்று. அதில் பேசவேண்டிய விளக்கவுரை ஆங்கிலத்தில் வந்தது. பிற்பகலுக்குள் தமிழில் வேண்டும் என்றார்கள். தேவசகாயம் உட்கார்ந்தான். உறங்காத ஆய்வாளர்கள், ஓடும் ஆய்வாளர்கள், உண்மையை ஒப்புக்கொள்ளும் வியாபாரி என்று முப்பத்தொன்பது வரிகளையும் உள்ளபடி மொழிபெயர்த்தான். நாற்பதாவது வரி இது: பெயர் தெரியாத அந்த வீரப்பெண் தன் உயிர் பிரியும் நேரத்தில் கடலைச் சுட்டிக்காட்டிச் சொன்னாள், ‘அதோ கொண்டல், அவனைத் தப்பவிடாதீர்கள்.’

பேனாவில் மை நிரப்பினான். பிறகு ‘பெயர் தெரியாத’ என்பதை அடித்து வேண்டா என்று எழுதினான். உயிர் பிரியும் நேரம் என்பதைத் தொடாமல் விட்டான். அவள் ஆங்கிலத்தில் பேசவில்லை. தண்ணீரில் நின்று அவள் சொன்ன வாக்கியத்தின் மூலம் அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதை எழுத்து மாறாமல் நாற்பதாவது வரியில் வைத்தான்.

“இன்னா சார் பாத்துகினு நிக்கிற, வந்து கயித்தப் புடி.”